ஊர் சுற்றிய நவமணியும் தம்பியின் வெள்ளிக்கிழமையும்

நவமணி ஒரு வியட்நாம்காரனோடு ஓடிப்போய்விட்டாள் என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கெடாவில் எங்கள் ஊரான திகாம் பத்துவுக்கு வந்து சேர்ந்தது. என் பசியாறக் கடைக்குத் தோசை வாங்க வந்தவர்களில் நாலு பேர் அதையே சொன்னார்கள். ஐந்தாவதாக வந்த ஆள், அவனுக்கு மீசை உண்டு என்று சேர்த்துச் சொன்னான். நவமணிக்கு ஐம்பத்தேழு வயது. முழங்கால் வலி. நாலு படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நிற்பாள். ஓடிப்போவதற்கு முதலில் ஓட வர வேண்டாமா என்று கேட்டேன். யார் காதிலும் ஏறவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது, விடுவார்களா?

நான் தேவகி. நானும் அவளும் குருண் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் ஒரே லைனில் நின்றவர்கள். கையுறைக்குள் காற்றை ஏற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முதுகு போனதும் நான் வெளியே வந்து கடை போட்டேன். அவள் பென்சன் வாங்கும் வயது வரைக்கும் நின்றாள்.

அவள் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்கே பண்ணுவது? அவளுக்கு இருபத்தொன்பது வயதானபோது அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். பகலில் அம்மா, இரவில் ஷிப்ட். ஒன்பது வருடம். அம்மா போய்ச் சேர்ந்தபோது இவள் தலையில் பாதி நரைத்திருந்தது. அதற்குப் பிறகு குடும்பத்தில் அவளுக்கு ஒரு வேலை நிரந்தரமாகிவிட்டது. யாருக்காவது பிள்ளை பிறந்தால் நவமணியைக் கூப்பிடு. யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் வெங்காயம் உரிக்க நவமணியைக் கூப்பிடு. ஆரத்தி எடுக்க மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பென்சன் ஆன அன்றைக்குத் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். தம்பி காளிதாசன் அலோர் ஸ்டாரிலிருந்து வந்திருந்தான். அரசாங்க ஆபீசில் கிராணி என்கிற குமாஸ்தா, கோயில் கமிட்டியில் செயலாளர், வீட்டில் ஒன்றுமில்லை. அங்கே மெர்கோங்கில் அவன் வீடு. அப்பா குழந்தைவேலு அவனோடுதான் இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன்பு குளியலறையில் பக்கவாதம் வந்து விழுந்தவர், அதோடு படுக்கைதான். வாய் மட்டும் படுக்கவில்லை. கேக்கை வாயில் வைத்துக்கொண்டே காளிதாசன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அக்காவுக்கு ரூம் ரெடி பண்ணியாச்சு. அப்பா கட்டிலுக்குப் பக்கத்துலயே. இனிமே அக்கா சும்மாதானே இருக்கும்."

எல்லாரும் கை தட்டினார்கள். அறிவுகெட்ட ஜென்மங்கள். நவமணியும் கை தட்டினாள், பழக்க தோஷம்.

மறுநாள் காலை என் கடையில் வந்து உட்கார்ந்தாள். தோசையைத் தொடவில்லை.

"தேவகி, அப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்த ரூம்ல ஒரு தடவ பாய விரிச்சேன்னா, அப்புறம் என் பொணம்தான் வெளிய வரும். அம்மாகிட்ட ஒம்போது வருசம் போச்சு. மிச்சம் இருக்கறது கொஞ்சந்தான்."

"அப்ப போகாதடி."

"வீட்டுல சும்மா உக்காந்துகிட்டு எப்படிப் போகாம இருக்கறது? வீட்டுல இருந்தாத்தானே கூப்பிடுவான்."

அப்படித்தான் ஊர் சுற்ற ஆரம்பித்தாள். முதலில் கடல் தாண்டி மேடான், பிறகு கம்போடியா. எல்லாம் சுங்கைப்பட்டாணியில் ஒரு ஏஜென்சி நடத்தும் குழுச் சுற்றுலா. நம் ஆட்களின் சுற்றுலாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பெட்டியில் துணியைவிட சம்பல் நெத்திலி அதிகம். பஸ்ஸில் ஏறியதும் கரோக்கே. எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி நம்மூர்க் குழம்புச் சோற்றைப் பற்றித்தான், "இங்க நாசி கண்டார் இருக்கா?" நவமணிக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. ஒரே குறை, நாலு நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் காளிதாசன் போன் அடிப்பான்.

"நாலு நாள் பத்தல தேவகி," என்றாள். "மாசக்கணக்குல வெளிய இருக்கணும்."

அதற்கு வழி சொன்னவள் ஜெனவீவ், எங்கள் பழைய லைன்காரி, கத்தோலிக்கப் பெண். வியட்நாமில் ஹுவே நகருக்கு வெளியே அவளுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரீகள் ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். தொண்டு செய்ய வருபவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் இலவசம். இந்து என்றாலும் பரவாயில்லை, பாட்டிகளைத் தூக்கத் தெரிந்தால் போதும். நவமணி உடனே ஒரு திட்டம் போட்டாள். ஐந்து நாள் குழுவோடு பக்கத்து நகரமான டா நாங் சுற்றுவது, குழு பிளேன் ஏறும்போது இவள் மட்டும் அங்கேயே தங்கிக்கொள்வது. தம்பியிடம் சொன்னது முதல் பாதி மட்டும்தான்.

போன மூன்றாம் நாளே எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். வழிகாட்டி இவர்களை ஒரு தலையணைக் கடைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டானாம். ரப்பர் பாலில் செய்த தலையணை. ஒரு பெண் படம் காட்டி, ரப்பர் மரம் என்றால் என்ன, பால் எப்படி வடியும் என்று முப்பத்து மூன்று பேருக்கும் பாடம் நடத்தியிருக்கிறாள். அதில் இருபது பேர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இவள் எழுந்து, "தங்கச்சி, நீ காட்டற வெட்டு தப்பு, மரம் செத்துரும்," என்று தமிழும் மலாயும் கலந்து திருத்தினாளாம். அப்படியும் பதினோரு பேர் தலையணை வாங்கினார்கள். எங்கே போனாலும் நம்மை ரப்பர் விடாது.

ஐந்தாம் நாள் விமான நிலையத்தில் டூர் லீடர் தலையை எண்ணினான். முப்பத்திரண்டு. நவமணி முந்தின நாளே அவனிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பிரிந்து போனாள். அவன் அந்தக் காகிதத்தை எந்தப் பையில் வைத்தானோ, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்துவிட்டான். குழுவில் வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? ஹோட்டல் வாசலில் அவள் ஒரு ஆணின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். அந்த ஆண், இல்லத்தின் தோட்டக்காரர், எழுபது வயது. மீசை அவருக்கு உண்மையாகவே இருந்ததாம்.

செய்தி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடியோவில் வந்தாள். பின்னால் பச்சைச் சுவர், வரிசையாகக் கட்டில்கள், கையில் ஒரு துணி.

"என்னடி பண்ற?"

"பாட்டிங்களக் குளிப்பாட்டறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அடிப்பாவி! இதத்தானே மெர்கோங்ல செய்யச் சொன்னான் ஒந்தம்பி? இதுக்குப் பயந்துதானே ஓடுன? சம்பளம் இல்லாம வேல செய்ய பிளேன் ஏறிப் போன ஒரே ஆளு நீதான். நம்ம தாத்தனுங்க கப்பல் ஏறி வந்தப்பகூட ஏதோ கூலின்னு ஒண்ணு குடுத்தானுங்க!"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"எட்டு மணிக்கு ஆரம்பிக்கறேன். அஞ்சு மணியானா சிஸ்டர் வந்து கையிலருந்து துணியப் புடுங்கிக்கறாங்க. போ, போய்ப் படுன்னு வெரட்டறாங்க. செவுத்துல அட்டவண ஒட்டியிருக்கு தேவகி, நம்ம பேக்டரி மாதிரியே. அதுல என் பேரு இருக்கு. வியாழக்கிழமைக்கு நேரா ஒரு கோடு. என்னன்னு கேட்டேன். அன்னைக்கு ஒனக்கு லீவுன்னாங்க. அம்மாவப் பார்த்த ஒம்போது வருசத்துல எனக்கு ஒருத்தரும் கோடு போடலடி."

என் திட்டை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை அது.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது; தம்பியிடம் டூர் நீண்டுவிட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு பாட்டி தினமும் இவள் கையைக் கிள்ளுமாம். இவள் தமிழில் திட்டுவாளாம், பாட்டி அவள் பாஷையில் திட்டுமாம். இருவருக்கும் ஒன்றும் புரியாததால் சண்டையே வரவில்லை. அந்தப் பாட்டிக்கு இவள் கஞ்சி ஊட்டுவதை ஒரு சிஸ்டர் படம் எடுத்துக் கொடுத்தாள். அதை எனக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, இந்த மேதாவி குடும்பத்தின் போன் குழுவில் போட்டுவிட்டாள். நாற்பத்தாறு பேர் இருக்கிற குழு.

முதலில் ஈப்போவிலிருக்கும் ஒரு சித்தப்பா கைகூப்பும் படம் போட்டார், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து. அப்புறம் காளிதாசனின் குரல் செய்தி வந்தது, நவமணி அதை எனக்கும் அனுப்பினாள்.

"நல்லா இருக்குக்கா. ரொம்ப நல்லா இருக்கு. டூர் போறேன்னு சொல்லிட்டு ஊரான் கெழவிக்குச் சோறு ஊட்டற. பெத்த அப்பன் இங்க கெடக்கறாரு. ஊரான் அம்மாவ ஊட்டி வளர்த்தா தன் அப்பன் தானா வளருவான்னு நெனச்சியா?"

சொல்லக் கூடாது, ஆனால் அந்த ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு வாய் இருக்கிறவனுக்குக் கையும் இருந்திருக்கலாம்.

அவள் திரும்பி வந்த மறுநாளே மெர்கோங் கிளம்பினாள். கார் என்று சொல்ல முடியாத என் பழைய காடியில் நான்தான் கொண்டுபோனேன். துணைக்கு என்று சொன்னேன், உண்மையில் வேடிக்கை பார்க்க. நவமணியின் கையில் சுருட்டிய காகிதம் ஒன்று.

கதவைத் திறந்தவள் ஷாமளா, காளிதாசனின் மனைவி. நாற்பத்திரண்டு வயது. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில், பட்டுச்சேலையில். இன்றைக்கு எதிரில் நின்றவளின் கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கியிருந்தது. கையில் டெட்டால் வாசனை. "வாங்க அண்ணி, வாங்கக்கா," என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே ஓடினாள், மாமனாரைப் புரட்டிப் போட நேரமாகிவிட்டதாம்.

எல்லாரும் அப்பா படுத்திருந்த அறையில் கூடினோம். கட்டிலுக்குப் பக்கத்தில் புது மெத்தை ஒன்று பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் காத்திருந்தது. காளிதாசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சொல்லுக்கா. ஊரான் கெழவிக்குக் கழுவுவ, அப்பாவுக்குக் கழுவ மாட்டியா?"

"கழுவறேன்," என்றாள் நவமணி.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. இவள் காகிதத்தைப் பிரித்து மெத்தை மேல் வைத்தாள். தொழிற்சாலை ஷிப்ட் அட்டவணைபோலக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தாள். பக்கவாட்டில் மூன்று பெயர்கள்.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு வாரம் நான் வருவேன். வர்ற தேதி இது, போற தேதி இது. காலையில எட்டுலருந்து அஞ்சு. நான் இருக்கறப்ப பகல்ல ஷாமளா இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. நான் இல்லாதப்ப ஞாயித்துக்கிழமையிலருந்து வியாழக்கிழமை வரைக்கும் பகல்ல ஷாமளா, ஆபீஸ் விட்டு வந்ததும் நீ. சனிக்கிழம ஆளுக்குப் பாதி. நான் இருந்தாலும் இல்லாட்டியும் வெள்ளிக்கிழம முழுக்க நீ மட்டுந்தான்."

"நானா?" அவன் சிரித்தான். "நான் வேலைக்குப் போற மனுசன்க்கா."

"கெடாவுல வெள்ளியும் சனியும் கவர்மெண்டு ஆபீசு மூடியிருக்கும். எனக்குத் தெரியாதா?"

"வெள்ளிக்கிழம கோயில் கமிட்டி மீட்டிங்..."

"சாமி ஒன்னத் தேடலடா," என்று நான் சொல்லிவிட்டேன். கேட்காத இடத்தில் வாய் வைப்பது என் பிறவிக் குணம். "கட்டில்ல கெடக்கறவருதான் தேடறாரு."

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணினாலும் குழந்தைவேலு மாமா பேசினால் புரியும்.

"இவனா? இவன் நாயக்கூடக் குளிப்பாட்டுனது இல்ல. என்னக் கீழ போட்டுருவான்."

காளிதாசன் முகம் கறுத்தது. "பாத்தியா, அப்பாவே வேணாங்கறாரு. இது பொம்பளைங்க செய்யற வேல, அக்கா. ஷாமளா ஒரு வார்த்த கொற சொல்லியிருக்காளா? கேளு."

எல்லாரும் ஷாமளாவைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் மெல்ல நகர்ந்து, தன் பெயருக்கு நேரே வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் போட்டிருந்த கோட்டில் நின்றது.

"அண்ணி, இந்தக் கோடு என்ன?"

"அன்னைக்கு ஒனக்கு லீவு."

"சமைக்கவும் வேணாமா?"

"வேணாம்."

"துணி?"

"அதுவும் வேணாம்."

அவள் அந்தக் காகிதத்தை எடுத்தாள். புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போனாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த கமிட்டி நாட்காட்டியைப் பிரித்துக் கீழே வைத்துவிட்டு, காந்தத்தைப் போட்டு அட்டவணையை மாட்டினாள். நாலு வருடத்தில் அவள் அவனைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நவமணி சொன்னபடி அன்றைக்கே தன் இரண்டு வாரத்தை ஆரம்பித்தாள். முதல் வெள்ளிக்கிழமை ஷாமளாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறித் திகாம் பத்து வந்துவிட்டாள். ஷாமளா கடைத்தெருவுக்குப் போவாள், சேலை பார்ப்பாள், கோயிலுக்குப் போவாள் என்று நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். அவளோ நவமணி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கொண்டுவந்த தோசையை இரண்டு வாய் தின்றாள். அப்படியே தூங்கிப்போனாள். காலை பத்து மணிக்குத் தூங்கியவள் மூன்று மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து, "மாமாவுக்குப் பெம்பர்ஸ் மாத்தணும்," என்று ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நவமணி போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமம்மா."

ஷாமளா அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். பிறகு கேட்டாள், "அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கிக்கவா அண்ணி?"

அந்த நாலு வருடமும் நான் மெர்கோங் பக்கம் போய் அவள் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை. காளிதாசனைத் திட்ட மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

இரண்டு வாரம் முடிந்து, இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை நவமணியை அழைத்துவரப் போனேன். அடுத்த வாரம் அவளுக்கு நேபாளத்துக்குப் பயணம். ஆறு நாள் குழு, அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தொண்டு. பை வாசலில் தயாராக இருந்தது. அவள்தான் தயாராக இல்லை. அப்பா நல்ல கையால் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போகாத மணி."

இத்தனை நாளில் அவர் யாரையும் கெஞ்சி நான் கேட்டதில்லை. திட்டத்தான் தெரியும் அவருக்கு. நவமணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். காளிதாசன் இதுதான் சமயம் என்று, "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்க்கா, டிக்கெட்ட மாத்திக்கலாம்," என்றான். அவள் தலை சரி என்று ஆடத் தொடங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஷாமளா குறுக்கே வந்தாள். மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தாள். நவமணியின் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் என் காடியில் வைத்தாள்.

"நீங்க போங்க அண்ணி. நீங்க இங்கயே இருந்துட்டா ஒங்க தம்பி நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே மாட்டாரு. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமையே இருக்காது."

புருஷன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்.

நவமணி குருண் வரைக்கும் அழுதாள். சிவப்பு விளக்கில் நின்றபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேவகி, காடியத் திருப்பு," என்றாள்.

"திருப்ப மாட்டேன்."

"அப்பா மொகத்தப் பாத்தல்ல?"

"பாத்தேன். ஷாமளா மொகத்தையும் பாத்தேன். ஒங்கப்பா மொகத்த மட்டும் பாத்துட்டு நீ திரும்பிப் போனா, காளிதாசன் அந்தக் காகிதத்த மடிச்சு கோயில் கணக்குப் பொட்டியில வச்சுருவான்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்தபோது மூச்சு வாங்கினான். வாளியில் தண்ணீர் தளும்பும் சத்தம் எங்கள் காடிக்குள் கேட்டது.

"என்னக்கா? கையெல்லாம் சோப்பு. அப்பா என்னத் திட்டிக்கிட்டே இருக்காரு."

"திட்டட்டும். அடுத்து பதினெட்டாம் தேதி வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லு. இப்பவே சொல்லு, நான் லைன்ல இருக்கேன்."

அவன் சொல்வது கேட்டது. நவமணி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். நான் காடியை ஓரமாக நிறுத்தினேன்.

பிறகு அந்தக் கோணல் குரல் கேட்டது. "எந்த மாசம்னு கேளு."

நவமணி மாதத்தைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றச் சொல்லி மகனைத் திட்டத் தொடங்கினார். நவமணி போனை வைத்துவிட்டு, போகலாம் என்றாள்.